ஸ்ட்ரெய்ட்டனிங் க்ரீமைத் திறக்கும் முன் முடியைச் சோதியுங்கள்

முடியின் வலு நடு அடுக்கான கார்டெக்ஸில் இருக்கிறது. தண்ணீர் பட்டால் அங்குள்ள ஹைட்ரஜன் பிணைப்பு மட்டும்தான் விடும், காய்ந்ததும் சேரும். அயர்ன் பண்ணிய முடி மழையில் சுருள்வது அதனால்தான். முடியை நேராக்கும் தையோ க்ரீம் (தையோகிளைகோலேட் கலந்தது) உடைப்பதோ, முடியின் புரதமான கெரட்டினின் கந்தகப் பிணைப்பை.

ஈரமான ஒற்றை முடியை விரல்களுக்கிடையே மெல்ல இழுங்கள். 10 செ.மீ. முடி 13 செ.மீ. வரை நீண்டு, விட்டதும் பழைய அளவுக்கே திரும்ப வேண்டும். ரப்பர் மாதிரி நீண்டு தொங்கினாலோ பட்டென அறுந்தாலோ அன்றைக்கு க்ரீம் வேண்டாம், வந்தவர் எவ்வளவு கெஞ்சினாலும்.

“ஹென்னாதான் போடுவேன்” என்பவரிடம் பாக்கெட்டைக் கேளுங்கள். சில பொடிகளில் உலோக உப்பு இருக்கும்; அதன்மேல் க்ரீம் போட்டால் முடி கெடும். சந்தேகமானால், 20 வால்யூம் (6%) ஹைட்ரஜன் பெராக்சைடு 30 மி.லி., 28% அமோனியா 20 சொட்டு. கண்ணாடிக் கிண்ணத்தில் கலந்து, வெட்டிய முடிக்கற்றையை 30 நிமிடம் ஊறவிடுங்கள். கையுறை அவசியம், ஜன்னலும் திறந்திருக்கட்டும். கொதித்துச் சூடேறினால் செம்பு; உடனே வெளுத்தால் ஈயம். மாற்றமே இல்லையென்றால் நிம்மதியடையாதீர்கள், வெள்ளி உப்பு அப்படித்தான் காட்டும். உலோக உப்பு இல்லாத சாதாரண முடி மெல்ல வெளுக்கும்.

ஹைட்ராக்சைடு ரிலாக்ஸர் (காரம் கலந்த, முடியை நேராக்கும் வேறு வகை க்ரீம்) போட்ட முடிமேல் தையோ போடவே கூடாது. முடி ஒடிந்து கையோடு வரும்.