ஆர்க்கிட்டுக்கு வெளிச்சம் போதுமா? இலையே சொல்லும்
வீட்டுக்குள் எல்இடி விளக்கில் ஆர்க்கிட் வளர்ப்பவர்கள் வாட் கணக்கைப் போட்டு மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், இலை நிறத்தைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். கரும்பச்சையில் தளதளவென்று இருக்கிறதா? பார்க்க அழகுதான், ஆனால் வெளிச்சம் பற்றவில்லை, பூ வருவது சிரமம். இளம்பச்சை என்றால் சரி. மஞ்சளடித்தாலோ ஓரத்தில் செம்மை ஏறினாலோ வெளிச்சம் அதிகம், விளக்கைக் கொஞ்சம் மேலே தூக்கிக் கட்டுங்கள்.

ஃபலனாப்சிஸ் (அந்துப்பூச்சி போலப் பூக்கும் ஆர்க்கிட்) வகைக்குச் சாதாரண வெள்ளை எல்இடியே போதும், செடிக்கென்றே விற்கும் அந்த ஊதா விளக்கெல்லாம் தேவையில்லை (கண்ணுக்கும் தொல்லை). இலைக்கு மேல் 20 முதல் 30 செ.மீ. உயரத்தில் தொங்கவிட்டு, இலை மட்டத்தில் கையை நீட்டிப் பாருங்கள். சூடு தெரிந்தால் விளக்கு ரொம்பக் கிட்டே இருக்கிறது. டைமர் போட்டு 12 முதல் 14 மணி நேரம் எரியட்டும். சீக்கிரம் பூக்கட்டுமே என்று ராத்திரியும் எரியவிடுபவர்கள் உண்டு. இந்தச் செடி இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவை இழுப்பதே பெரும்பாலும் இருட்டில்தான், அதைக் கெடுக்காதீர்கள்.

அப்புறம், இலையெல்லாம் நன்றாக இருந்தும் பூந்தண்டு எட்டிப் பார்க்கவில்லை என்றால் குறை வெளிச்சத்தில் இல்லாமலும் இருக்கலாம். பகலில் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டாத, இரவில் 18 வரை இறங்குகிற இடத்தில் சில வாரங்கள் வைத்துப் பாருங்கள்.