முற்றிய நுரையீரல் புற்றுநோயில் மனத்துயரைக் கவனிப்பது எப்படி

ஒவ்வொரு சிகிச்சைச் சுற்றுக்கும் முன்பு ரத்தப் பரிசோதனை எடுப்பதுபோல மனத்துயரையும் அளந்துவிடுங்கள். ஒரு தாளில் 0 முதல் 10 வரை கோடு போட்டு, "இந்த ஒரு வாரத்தில் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டது?" என்று கேளுங்கள். நோயாளி தனியாக இருக்கும்போது கேட்பது முக்கியம். வீட்டார் பயந்துவிடுவார்களே என்று அவர்கள் முன்னால் பலரும் "பரவாயில்லை" என்றே சொல்வார்கள். 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருத்துவரிடம் தாளைக் காட்டுங்கள்.

அடுத்து பி.எச்.க்யூ-9 என்ற மனச்சோர்வுக் கேள்வித்தாள். ஒன்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டுத்தொகை 10-ஐத் தொட்டால் மனச்சோர்வுக்கான மதிப்பீடு தேவை. தூக்கமின்மை, பசியின்மை, களைப்பு மூன்றும் நோயாலும் வரும் என்பதால் கூட்டுத்தொகை ஏமாற்றலாம். எதிலும் நாட்டமில்லை, மனம் சோர்ந்திருக்கிறது என்ற முதல் இரண்டு பதில்களை உற்றுப் பாருங்கள். தற்கொலை எண்ணம் பற்றிய ஒன்பதாவதில் 0 தவிர எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் பேச வேண்டும்.

உடல்சார்ந்த காரணங்களும் உண்டு. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை மாலையில் போட்டால் தூக்கம் கெடும். காலைக்கு மாற்றலாமா என்று கேளுங்கள். இம்யூனோதெரபியில் (உடலின் நோயெதிர்ப்பைத் தூண்டிப் புற்றுநோயைத் தாக்க வைக்கும் சிகிச்சை) தைராய்டு குறைந்தால் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும், டி.எஸ்.எச். என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை பார்த்தால் தெரிந்துவிடும். திடீர்க் குழப்பமோ குணமாற்றமோ வந்தால் காத்திருக்காதீர்கள். மூளைக்குப் பரவியிருக்கலாம், சோடியம் குறைந்திருக்கலாம், கால்சியம் ஏறியிருக்கலாம்.

மூச்சுத்திணறலும் பயமும் ஒன்றையொன்று வளர்க்கும். முன்னால் சாய்ந்து, முழங்கைகளை மேசையில் ஊன்றி உட்கார வையுங்கள். கைவிசிறியின் காற்று மூக்கிலும் மேலுதட்டிலும் படட்டும். உதட்டைக் குவித்து, இழுத்த நேரத்தைப்போல இரண்டு மடங்கு நேரம் மெல்ல ஊதி விடச் சொல்லுங்கள். புதிதாக, திடீரென்று வந்த திணறல் என்றால் பதற்றம் என்று ஒதுக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்திருக்கலாம்.

மனச்சோர்வு மாத்திரை வேலை செய்ய 2 முதல் 4 வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். முதல் வாரக் குமட்டலில் பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஓசிமெர்டினிப் என்ற நுரையீரல் புற்றுநோய் மாத்திரை எடுப்பவருக்கு எஸ்சிடலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரையைச் சேர்த்தால் இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம் என்பதால் இ.சி.ஜி. தேவை.

இம்யூனோதெரபி பெற்ற 227 பேரைத் தொடர்ந்து, 2024-இல் 'நேச்சர் மெடிசின்' வெளியிட்ட ஆய்வில், மனத்துயர் உள்ளவர்களுக்கு நோய் வளராமலிருந்த இடைநிலைக் காலம் 7.9 மாதம், மற்றவர்களுக்கு 15.5. துயர்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. ஆகவே "கவலைப்பட்டால் மருந்து பிடிக்காது" என்று நோயாளியிடம் சொல்லவே கூடாது. அது அவர் தலையில் இன்னொரு பாரத்தை ஏற்றும்.

வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையை (பாலியேட்டிவ் கேர்) கடைசிக் கட்டத்துக்கு என்று ஒத்திப்போடாதீர்கள். பாஸ்டனில் 151 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், அதைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களில் மனச்சோர்வு அறிகுறி இருந்தது 16 சதவீதத்தினருக்கு. வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 38. நோய் உறுதியான வாரத்திலேயே அந்தப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.