யாழ்ப்பாணக் கடலில் காற்றாலைக்கு இடம் தேரும்போது கடலடிப் பாறையை ஆராய்வது எப்படி

பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. காற்றையும் ஆழத்தையும் மட்டும் பார்ப்பவர் இங்கே எங்கும் காற்றாலை நிறுத்தலாம் என்று எண்ணக்கூடும். ஆனால் இவ்விடத்தின் தகுதியைத் தீர்மானிப்பது மணலுக்கும் சேற்றுக்கும் அடியிலுள்ள, மயோசின் எனும் பழைய புவியியற் காலத்துச் சுண்ணாம்புக்கல்லே என்பது என் உறுதியான கருத்து. மழைநீர் இக்கல்லைக் கரைத்துப் பொந்துகளை உண்டாக்கும் என்பதற்கு யாழ்ப்பாணத்தின் நிலாவரைக் கிணறும் கீரிமலை ஊற்றும் நிலத்திலுள்ள சான்றுகள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகத்தின் உச்சத்தில், கடல் மட்டம் இன்றையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்ததால், இன்றைய கடலடியும் அன்று மழையில் நனைந்த தரையாகவே இருந்தது. எனவே கடலுக்கடியிலும் பொந்துகள் இருக்கும் என்று கொண்டே ஆய்வைத் தொடங்க வேண்டும்.

முதலில் கடல் வரைபடங்களையும் கரையோரக் குழாய்க்கிணறுகளின் பதிவுகளையும் திரட்டுங்கள். பார் (கடலடிப் பாறைத்திட்டு) எங்கே, சேறு எங்கே என்பதை வலை இழுக்கும் மீனவர்களிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய அறிவு எந்த அளவைக் கப்பலுக்கும் முன்னரே கிடைப்பது.

அடுத்து ஒலியலைக் கருவிகளால் தளத்தின் மேடுபள்ளங்களையும் படிவின் தடிப்பையும் அளக்க வேண்டும். கடினமான பாறை ஒலியைப் பெரிதும் திருப்பிவிடுவதால், அதனுள் இருக்கும் வெற்றிடத்தை இக்கருவிகள் தவறவிடலாம். ஆகவே ஒவ்வொரு கோபுரம் நிற்கவுள்ள இடத்திலும் குறைந்தது ஒரு துளையாவது இட்டு, கோபுரத்தைத் தாங்கும் அத்திவாரத் தூணின் அடிமுனை சென்றடையும் ஆழத்தையும் பல மீற்றர் தாண்டிப் பார்க்க வேண்டும். துளைக்கம்பி திடீரென இறங்கினாலோ, துளையிடும் திரவம் மேலே திரும்பாமல் மறைந்தாலோ, அங்கே பொந்தோ அகன்ற வெடிப்போ உண்டு என்று கொள்ளுங்கள். செலவைக் கருதிச் சில துளைகளை மட்டும் இட்டு, மற்ற இடங்களை ஊகத்தால் நிரப்புவதை இந்நிலத்தில் ஏற்கவே முடியாது.

அத்திவாரத்தைத் தெரிவது இதன் பின்னரே. மெல்லிய மணலின் கீழே பாறை இருந்தால், அடித்து இறக்கும் உருக்குத் தூணின் முனை நசுங்கக்கூடும். துளையிட்டுச் சாந்தூட்டிப் பொருத்த வேண்டும். பிரான்சின் சென் நசேர் கடற்காற்றாலைகளுக்குப் பாறையில் இவ்வாறு துளையிட்டே தூண்கள் நிறுத்தப்பட்டன. பொந்தற்ற சமதளப் பாறையெனில், தன் எடையால் நிற்கும் கொங்கிறீற்று அத்திவாரம் பொருந்தும். டென்மார்க்கின் விண்டெபியில் 1991இல் 11 காற்றாலைகள் இத்தகைய அத்திவாரத்தின் மேலேயே நிறுவப்பட்டன. சிப்பியும் பவளமும் உடைந்து உண்டான மணலில் தனிக் கவனம் வேண்டும். அதன் மணிகள் அழுத்தத்தில் நொறுங்குவதால் தூணைப் பற்றும் உராய்வு குறையும். அவுஸ்திரேலியாவின் நோர்த் ராங்கின் எரிவாயு மேடையில் 1980களில் தூண்கள் எதிர்பார்த்த எதிர்ப்பின்றி இறங்கியதற்குக் காரணம் இதுவே.

நீரோட்டம் தூணைச் சுற்றி மணலை அரிக்கும். கற்கள் பரப்பிக் காப்பது வழக்கம். மின்வடத்தை மணலில் புதைப்பது எளிது, பாறையில் கால்வாய் வெட்ட வேண்டும். வடம் கரையேறும் இடத்தை எல்லாவற்றிலும் அக்கறையோடு தெரியுங்கள். குடாநாட்டின் குடிநீர், உவர்நீரின் மேல் மிதக்கும் மெல்லிய நன்னீர்ப் படையாக இதே சுண்ணாம்புக்கல்லில் தங்கியுள்ளது; அதனால் வடத்துக்காகக் கரையோரத்தில் இடும் துளையின் பாதை, கிணறுகளின் நீர்மட்டத்தையும் உவர்த்தன்மையையும் முன்கூட்டியே அளந்த பின்னரே வரையப்பட வேண்டும்.