படகு நின்ற மழை நாளில் கன்னியாகுமரி: குடும்பத்தோடு எங்கே போவது, எந்த வரிசையில்?

விவேகானந்தர் பாறையை நம்பி வந்த குடும்பங்கள் மழை நாளில் செய்யும் பெரிய தவறு, படகுத்துறை வரிசையிலேயே பாதிப் பகலைக் கழிப்பது. படகு ஓடுமா என்று பார்த்துப் பார்த்து மணி பன்னிரண்டாகிவிடும். அதற்குமேல் கிளம்பினால் போகிற இடமெல்லாம் மதிய இடைவேளை. காலை ஒன்பதுக்குள் முடிவெடுத்தால் மழையிலும் நாள் நிறைவாகப் போகும்.

முதலில் படகுத்துறையில் கேளுங்கள்

பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் டிக்கெட் கவுண்டர் வழக்கமாகக் காலை 8 மணிக்குத் திறக்கும். வெறும் தூறலுக்குப் படகை நிறுத்துவதில்லை. எதனால் நின்றிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் திட்டம் அந்தப் பதிலைப் பொறுத்தது.

கடல் நீர்மட்டம் தாழ்ந்திருந்தால், பாறையில் படகின் அடி தட்டும் என்று நிறுத்துவார்கள். தண்ணீர் ஏறியதும் அன்றைக்கே மறுபடி ஓட வாய்ப்புண்டு. அப்போது ஊரைவிட்டுப் போகாமல் அருகிலேயே சுற்றலாம். காற்றும் அலையும் காரணமென்றால் அன்றைக்குப் படகை மறந்துவிடுங்கள்.

இன்னொன்று: வள்ளுவர் சிலைப் பாறையில் படகு அணைவது எப்போதுமே சிரமம். விவேகானந்தர் பாறைக்கு மட்டும் படகு ஓடினாலும் இப்போது கவலையில்லை. 2024 டிசம்பர் 30 அன்று திறந்த 77 மீட்டர் கண்ணாடிப் பாலத்தில் நடந்தே சிலைக்குப் போய்விடலாம்.

கிழமையைப் பாருங்கள்

திங்கட்கிழமை பத்மநாபபுரம் அரண்மனைக்கு விடுமுறை. வெள்ளிக்கிழமை காந்தி மண்டபம் பக்கத்திலுள்ள அரசு அருங்காட்சியகம் திறக்காது. அரண்மனை இருக்கும் தக்கலை வரை போய்ப் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பும் குடும்பங்கள் வாராவாரம் உண்டு. அரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பது கேரள அரசு. அதனால் தமிழ்நாட்டு விடுமுறைப் பட்டியலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பையில் என்ன இருக்க வேண்டும்

கடற்கரைக் காற்றில் குடை மடங்கிப் போகும். மழைச்சட்டைதான் சரி. ஷூ வேண்டாம், செருப்பு போதும்; அரண்மனையிலும் கோயிலிலும் கழற்றத்தான் போகிறீர்கள், நனைந்த சாக்ஸ் நாள் முழுக்கத் தொல்லை. ஆளுக்கொரு துண்டு, குழந்தைக்கு மாற்றுடை, போனுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை. கன்னியாகுமரியில் வெயிலடிக்கிறதே என்று இவற்றை அறையில் விட்டுப் போகாதீர்கள். முனையில் மழை குறைவு; தக்கலை, குலசேகரம் என்று மேற்கே மலைப்பக்கம் போகப் போக மழை கூடும்.

காலை: பத்மநாபபுரம் அரண்மனை

மழை நாளுக்கு இந்த மாவட்டத்தில் இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. கன்னியாகுமரியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். பேருந்தில் என்றால் நாகர்கோவில் வந்து, வடசேரி நிலையத்தில் மார்த்தாண்டம் அல்லது திருவனந்தபுரம் வண்டி ஏறித் தக்கலையில் இறங்குங்கள், அங்கிருந்து ஆட்டோ. காலை 9 மணிக்குத் திறந்து, மதியம் 1 முதல் 2 வரை இடைவேளை விடுவார்கள். பத்தரைக்குள் உள்ளே போய்விட்டால் அவசரமில்லாமல் பார்க்கலாம். இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இதுதான். நுழைந்ததும் பூமுகம் என்ற முகப்பு மண்டபத்தில் நின்று அண்ணாந்து பாருங்கள்: மரக்கூரையில் செதுக்கிய பூக்கள், ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. பிள்ளைகளை எண்ணச் சொல்லிவிட்டால் கூட்டம் நகரும்வரை சத்தமிருக்காது. மாடியில் மந்திரசாலை, மன்னரின் ஆலோசனைக் கூடம். சன்னலில் கண்ணாடிக்குப் பதில் மைக்கா தகடுகள். மப்பு வெளிச்சத்திலும் நிறம் தெரியும். காலுக்குக் கீழே பளபளக்கும் கறுப்புத் தரை சுண்ணாம்பு, எரித்த தேங்காய்ச்சிரட்டைக் கரி, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்பார்கள். சன்னலோரம் குனிந்து பார்த்தால் மழை வெளிச்சம் தரையில் அசைவது தெரியும். தாய்க்கொட்டாரம், அதாவது தாய் அரண்மனைதான் அரண்மனையின் மிகப் பழைய பகுதி. ஒற்றைப் பலாமரத்தில் கடைந்த தூண் அங்கே இருக்கிறது, தவறவிடாதீர்கள்.

சிக்கல்கள் இரண்டு. மரப்படிகள் செங்குத்து, நிலைவாசல்கள் தாழ்வு. முழங்கால் வலியுள்ள தாத்தா பாட்டியை மாடிக்கு இழுக்காமல், கீழேயே உட்காரவைத்து ஒருவர் துணைக்கு இருங்கள். அடுத்தது ஈரம்: சொட்டுகிற மழைச்சட்டையோடு அந்தத் தரையில் நடந்தால் பின்னால் வருபவர் வழுக்குவார். வாசலிலேயே உதறி மடித்துப் பைக்குள் வைத்துவிடுங்கள், காலையும் துடைத்துக்கொள்ளுங்கள்.

மதியம்

தக்கலையிலோ நாகர்கோவிலிலோ சாப்பாடு. மழைக்கு மரச்சீனிக் கிழங்கு அவித்து மீன்கறியோடு கிடைத்தால் அதை விட்டுச் சோறு தேடாதீர்கள். குழந்தைகளுக்குக் காரம் ஆகாதென்றால் ஏத்தம்பழ பஜ்ஜியும் மட்டிப்பழமும் போதும்.

மழை விட்டிருந்தால் தக்கலைக்கு அருகே புலியூர்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் தோற்று, பிறகு திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடமே தளபதியான டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை உள்ளே ஒரு சிற்றாலயத்தில் இருக்கிறது. அந்தச் சிற்றாலயத்துக்குக் கூரை கிடையாது, ஆகவே மழை பெய்தால் இறங்க வேண்டாம்.

மாலை: சுசீந்திரம்

திரும்பும் வழியிலேயே தாணுமாலயன் கோயில். கன்னியாகுமரிக்கு முன் சுமார் 12 கிலோமீட்டரில் வரும். மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலையில் அரண்மனை, மாலையில் கோயில் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். பையிலுள்ள துண்டு அப்போது உதவும். கூரையுள்ள நீண்ட வெளிப்பிரகாரம் இருப்பதால் மழை கொட்டினாலும் நனையாமல் சுற்றிவரலாம். ஒரே கல்லில் குடைந்த இசைத்தூண்களும் 18 அடி ஆஞ்சநேயரும் பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

மழை நாளில் போகக்கூடாதவை

திற்பரப்பு அருவி: மலையில் பெய்த மழை கோதையாற்றில் வந்து சேரும்போது குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். வெறும் வேடிக்கைக்காக அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 115 அடி உயர மாத்தூர் தொட்டிப்பாலத்தில் நடைபாதை குறுகல், காற்று பலம். சின்னப் பிள்ளைகளோடு வேண்டாம். சிதறால் மலைப்பாதையும் ஈரத்தில் வழுக்கும்.

கடற்கரை விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். கள்ளக்கடல் என்று இங்கே சொல்வது, தெற்கே வெகு தொலைவில் அடித்த காற்று கிளப்பிவிடும் அலை. நம் கரையில் காற்றோ மழையோ இல்லாதபோதும் திடீரென ஏறிவரும். 2024 மே மாதம் கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் 5 மருத்துவ மாணவர்கள் அலையில் சிக்கி இறந்தார்கள். மழை விட்டதே, கால் நனைக்கலாமே என்று தோன்றும். போலீஸ் விசில் அடித்தால் வாதாடாமல் மேலே ஏறிவிடுங்கள்.

ஊரைவிட்டுப் போக முடியாதவர்களுக்கு

மாலையில் ரயில் இருக்கிறதா? காந்தி மண்டபம், அருங்காட்சியகம், விவேகானந்தபுரத்தில் 2017ல் திறந்த இராமாயண தரிசனம் ஓவியக் கண்காட்சி என்று கூரைக்கடியிலேயே நேரம் போக்கலாம். பகவதி அம்மன் கோயிலை மட்டும் நடை சாத்துவதற்குள் முடித்துவிடுங்கள்.

இரவு தங்குகிறவர்கள், தூங்கப்போகுமுன் கடலோர வானிலை அறிவிப்பைப் பாருங்கள். மீனவர்கள் கடலுக்குப் போக வேண்டாம் என்று எச்சரித்திருந்தால் மறுநாளும் படகு ஓடுவது சந்தேகம். எச்சரிக்கை நீங்கியிருந்தால் ஏழரைக்கே வரிசைக்கு வந்துவிடுங்கள். முந்தைய நாள் போகமுடியாத கூட்டமும் அன்றைக்குத்தான் சேர்ந்து நிற்கும்.