எச்எஸ்-சிஆர்பி: எப்போது எடுப்பது, எப்படி வாசிப்பது, எப்படிக் குறைப்பது

கொலஸ்ட்ரோல் அளவோடு இருப்பவருக்கும் மாரடைப்பு வரும். நாடிச் சுவருக்குள் புகுந்த கொழுப்பை விழுங்க வெண்குருதிக் கலங்கள் வந்து குவிவதால் அந்த இடம் அழற்சியில் கனன்றுகொண்டே இருக்கும். அவை சுரக்கும் நொதியங்கள் கொழுப்புப் படிவத்தின் மேலுறையை அரிக்கின்றன. உறை கிழிந்தால் அதன்மேல் குருதி உறைந்து நாடி அடைபடும். இந்தக் கனலை ஓரளவு காட்டித் தருவது ஈரல் சுரக்கும் சிஆர்பி என்ற புரதம்.

ஆய்வுகூடத்தில் 'சிஆர்பி' என்று மட்டும் கேட்காதீர்கள். அது காய்ச்சலுக்குப் பார்க்கும் சோதனை. சிறிய அளவுகளைப் பிரித்துக் காட்டாது. மிகச் சிறிய அளவையும் காட்டும் 'எச்எஸ்-சிஆர்பி' என்றே கேளுங்கள். வெறும் வயிறு தேவையில்லை. ரிப்போர்ட்டில் முதலில் அலகைப் பாருங்கள்: லீற்றருக்கு மில்லிகிராமா, டெசிலீற்றருக்கா? டெசிலீற்றர் என்றால் பத்தால் பெருக்க வேண்டும். 0.4 என்று கண்டு நிம்மதியாகப் போனவருக்கு உண்மையில் 4 இருக்கலாம். லீற்றருக்கு 1-க்குக் கீழ் என்றால் ஆபத்துக் குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் கூடுதல். 10-ஐத் தாண்டினால் அது பெரும்பாலும் இதயத்தின் கதையல்ல. எங்கோ தொற்றோ காயமோ மூட்டு வாதமோ இருக்கிறது.

திருகோணமலையில் மாரி மழையோடு டெங்கும் சளிக்காய்ச்சலும் வரும். அந்த நாட்களில் எடுக்கும் அளவு வீண். காய்ச்சல் விட்டு மூன்று வாரமாவது பொறுத்து எடுங்கள். இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்ப்பதே சரி.

அளவு கூடியிருந்தால் 'அழற்சிதானே' என்று டைக்குளோபெனாக் குளிசை வாங்கிப் போடுவதுதான் மிகப் பெரிய தவறு. கரைவலை இழுத்து நாரி பிடித்தால் பார்மசியில் இதைத்தான் கேட்டு வாங்குகிறோம். இது வலியை அடக்கும். ஆனால் குருதி உறைவதைத் தடுக்கும் இயற்கைப் பொருளையும் குறைத்து, உப்பையும் நீரையும் உடலில் தேக்கி, மாரடைப்பு ஆபத்தைக் கூட்டும். இதே வகை வலிமருந்தான ஐபுபுரோபன், இதய நோயாளர் குருதி உறையாமலிருக்கப் போடும் அஸ்பிரினின் வேலையையும் கெடுக்கும். ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் டைக்குளோபெனாக்கையும் ஐபுபுரோபனையும் தொடவே கூடாது.

கனலைத் தணிக்கும் மருந்துகள் வேறு. 2008-இல் வெளியான ஜுபிட்டர் ஆய்வில், கொலஸ்ட்ரோல் கூடாமல் எச்எஸ்-சிஆர்பி மட்டும் 2 அல்லது அதற்கு மேல் இருந்தவர்களுக்கு, கொலஸ்ட்ரோலையும் குறைக்கும் ரொசுவாஸ்டற்றின் என்ற மருந்தை 20 மில்லிகிராம் கொடுத்தபோது மாரடைப்பும் பக்கவாதமும் கணிசமாகக் குறைந்தன. கொலஸ்ட்ரோலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கினாலும் பலன் உண்டு என்பதை 2017-இல் கான்டோஸ் ஆய்வு காட்டியது. இதய நோயாளர் சிலருக்கு வைத்தியர்கள் கொல்கிசீன் 0.5 மில்லிகிராம் எழுதுவதும் இதனால்தான். சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் கிளாரித்ரோமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி எடுப்பவர்களுக்கும் கொல்கிசீன் நஞ்சாகலாம். மற்றவருக்கு எழுதியதை வாங்கிப் போட வேண்டாம்.

வீட்டில் முதலில் இடுப்பை அளவெடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே நாடாவைச் சுற்றி, மூச்சை இயல்பாக விட்டபின் பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 எல்லை. வயிற்றுக்குள் சேரும் கொழுப்பே அழற்சியைத் தூண்டும் சுரப்பி மாதிரி வேலை செய்கிறது. சிகரெட், பீடியை முற்றாக விடுங்கள். நாளுக்கு ஒன்று கூட நாடியைப் புண்ணாக்கும். பல் துலக்கும்போது முரசில் இரத்தம் கசிந்தால் பல் வைத்தியரிடம் காட்டுங்கள், அதுவும் ஓயாத அழற்சிதான்.

மீனுக்கு நம்மூரில் பஞ்சமில்லை. சூடை, சாளையை வாரம் இரண்டு தடவை குழம்பாகவோ சொதியாகவோ வையுங்கள். பொரித்தால் எண்ணெய் கூடும், கருவாடானால் உப்புக் கூடும். வாரம் ஐந்து நாள், அரை மணி நேரம், வெயில் ஏறுமுன் கடற்கரையில் வேகமாக நடங்கள். மூன்று மாதம் கழித்து அதே ஆய்வுகூடத்தில் மறுபடி எடுங்கள். இதற்கிடையில் நெஞ்சு இறுகி வியர்த்தால் எந்த ரிப்போர்ட்டையும் தேடாமல் 1990 அம்புலன்ஸ் எண்ணுக்கு அழையுங்கள்.