ஒற்றைக் கரும்பு வெள்ளை ரம்: ருசி பார்ப்பது எப்படி?

பிரான்சிலிருந்து வந்த மச்சான் ஒரு வெள்ளை ரம் கொண்டுவந்தார். கரீபியன் கடலில் பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக்கில் கிளெமான் நிறுவனம் தயாரித்தது. 'கான் ப்ளூ' (நீலக் கரும்பு) என்ற ஒரே ரகத்தின் சாறு. ஆல்கஹால் 50%.

நாம் பார்க்கும் ரம் பெரும்பாலும் சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வருவது. இது பச்சைச் சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவாமல் விட்டால் அக்கானி (பதநீர்) எப்படி மளமளவென்று கள்ளாகிறதோ, வெட்டிய கரும்பும் அப்படித்தான், சீக்கிரம் புளிக்கத் தொடங்கும். அதனால் உடனே பிழிந்தாக வேண்டும். அந்தப் பச்சை மணத்தைத்தான் தேடப் போகிறோம்.

1. வாய் குறுகிய சின்ன கிளாஸ் எடுங்கள். டம்ளர் வேண்டவே வேண்டாம், மணமெல்லாம் பறந்துவிடும். 30 மி.லி. ஊற்றிப் பத்து நிமிடம் விடுங்கள். ஐஸ் கூடாது.

2. மோந்து பார்ப்பது. நான் தடுக்கிய இடம் இதுதான். கிளாஸுக்குள் மூக்கை விட்டு ஒரே இழுப்பாக இழுத்தேன். ஸ்பிரிட் நெடி ஏறி, அன்று இரவு முழுக்க வேறெதுவும் மணக்கவில்லை. மறுநாள்தான் பிடி கிடைத்தது: கிளாஸைத் தாடைக்குக் கீழே பிடித்து, வாயை லேசாகத் திறந்து, மெதுவாக மேலே கொண்டுவாருங்கள். நெடி விலகும். முதலில் ஈரப்புல், அப்புறம் எலுமிச்சைத் தோல், கடைசியில் அப்போதுதான் பிளந்த கரும்பு.

3. ஒரு சொட்டு நாக்கில் உருட்டி விழுங்குங்கள். அப்புறம் தண்ணீர். 30 மி.லி.க்கு 7.5 மி.லி. சேர்த்தால் 50% என்பது 40% ஆகும். ஊசி இல்லாத சிரிஞ்ச்தான் இதற்குச் சரி, ஸ்பூன் கணக்கு தப்பும். இரண்டு இரண்டு மி.லி.யாக விட்டு, ஒவ்வொரு தடவையும் மோந்து பாருங்கள். எனக்கு 4 மி.லி.யில் இனிப்பு திறந்தது.

4. இடையிடையே உப்பில்லாமல் அவித்த மரச்சீனி (மரவள்ளிக்கிழங்கு) ஒரு துண்டு. மீன் குழம்பு சாப்பிட்ட நாக்கோடு உட்காராதீர்கள்.

பக்கத்தில் இஞ்சி, எலுமிச்சை சேர்க்காத கரும்புச்சாறு ஒரு கிளாஸ் வைத்து மாறி மாறி மோந்து பாருங்கள். ஒற்றுமை அப்போதுதான் தெளிவாகத் தெரியும்.

பின்சேர்க்கை: பாட்டிலை ஃபிரிட்ஜில் வைத்து எடுத்த ஒருவர் மணமே வரவில்லை என்று எழுதினார். குளிரில் மணம் அடங்கிவிடும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். இன்னொருவருக்கு உப்புக் கரித்ததாம். கடலோரத்தில் அவர் கலந்தது போர் தண்ணீர். கேன் தண்ணீரில் மறுபடி செய்து பார்த்தார், சரியாக வந்தது.