ஆசிட் ஜாஸ் பிறந்த கதையைக் காதால் அறிவது எப்படி

ஜாஸுடன் ஃபங்க் போன்ற நடன இசைகளைக் கலந்த ஆசிட் ஜாஸின் தொடக்கத்தை அறிய விரும்புபவர்கள் பெரும்பாலும் ஜாமிரோக்வாய் என்ற பிரிட்டிஷ் குழுவில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால், இந்த இசைக்கு வழி வகுத்தவர்கள் 1980களின் லண்டனில் பழைய அமெரிக்க ஜாஸ் இசைத்தட்டுகளை நடனத்துக்காக ஒலிக்கவிட்ட டிஜேக்களே. எனவே அவர்கள் பெட்டியில் இருந்த தட்டுகளை முதலில் கேளுங்கள்.

சாக்சபோன் கலைஞர் லூ டொனால்ட்சன் 1967இல் புளூ நோட் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த ‘அலிகேட்டர் பூகலூ’ நல்ல தொடக்கம். முதல் முறை சாக்சபோனைப் பொருட்படுத்தாமல், டிரம்ஸையும் ஆர்கனையும் மட்டும் கவனியுங்கள். அந்தக் குழுவில் தாழ்ந்த சுரங்களைத் தரும் பேஸ் வாசிப்பவர் எவரும் இல்லை. ஆர்கன் வாசிக்கும் லோனி ஸ்மித்தே அப்பொறுப்பையும் ஏற்றிருக்கிறார். கால் தானாகத் தாளம் போடத் தொடங்கினால், லண்டன் இளைஞர்கள் இத்தகைய தட்டுகளைத் தேடி அலைந்த காரணம் புரிந்துவிடும். அடுத்து 1970களுக்கு வந்து, ஜாஸுடன், தாளத்தை முன்னிறுத்தும் நடன இசையான ஃபங்க்கைக் கலந்த டொனால்ட் பேர்டையும் ராய் ஏயர்ஸையும் கேளுங்கள்.

‘ஆசிட் ஜாஸ்’ என்ற பெயரை நம்பி ஏமாற வேண்டாம். அப்போது லண்டன் கிளப்புகளில் பரவிக்கொண்டிருந்த ஆசிட் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையைக் கிண்டல் செய்யும் விதமாக, டிஜேக்களான ஜைல்ஸ் பீட்டர்சனும் கிறிஸ் பேங்ஸும் விளையாட்டாகச் சூட்டிய பெயர் அது. ஆசிட் ஹவுஸுக்கே உரிய நெளியும் சின்தசைசர் ஒலியை இதில் தேடினால் கிடைக்காது.

காம்டனில் உள்ள டிங்வால்ஸ் கிளப்பில் பீட்டர்சனும் பேட்ரிக் ஃபோர்ஜும் ஞாயிறு பிற்பகல்களில் நடத்திய அமர்வுகளில் ஜாஸ், ஃபங்க், லத்தீன் இசை ஆகியவை வேற்றுமையின்றி அடுத்தடுத்து ஒலித்தன. நீங்களும் அப்படியே கலந்து ஒரு பட்டியல் அமைத்துக்கொண்டு, ஆண்டு வரிசையைச் சற்று மறந்து கேளுங்கள்; என் அனுபவத்தில், வரிசைப்படி கேட்பதைவிட இதுவே அதிகம் கற்றுத் தருகிறது.

இதன் பிறகே ஆசிட் ஜாஸ் குழுக்களுக்கு வாருங்கள். 1987இல் எடி பில்லரும் பீட்டர்சனும் ஆசிட் ஜாஸ் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினர். 1990இல் பீட்டர்சன் டாக்கின் லௌட் என்ற தனி நிறுவனத்தை அமைத்தார். ஜேம்ஸ் டெய்லர் குவார்டெட் குழுவின் ஹாமண்ட் ஆர்கனைக் கேட்கும்போது லோனி ஸ்மித் நினைவுக்கு வந்தால், உங்கள் காது தேறிவிட்டது எனலாம். கடைசியாக, ஹெர்பி ஹான்காக் 1964இல் பதிவு செய்த ‘கேன்டலூப் ஐலண்ட்’ பாடலையும், அதன் பியானோவை வெட்டியெடுத்து 1990களின் தொடக்கத்தில் அஸ்3 குழு அமைத்த ‘கேன்டலூப்’ பாடலையும் அடுத்தடுத்து ஒலிக்கவிட்டு, பியானோ மாறாதிருக்க டிரம்ஸ் எவ்வாறு மாறியிருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.